‘வளராத முடி’ என்னும் பொய்: சிவாஜிநகர்ச் சந்துகளிலிருந்து ஒரு மறுப்பு

தமிழ்ப் புலமை மரபில் மிகப் பெரிதாகப் பேசப்படும் அவைச் சண்டை பெண்ணின் கூந்தலைப் பற்றியது. கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, பூவும் எண்ணெயும் அகிற்புகையும் சேர்ந்துதான் அது மணக்கிறதா என்று பாண்டியன் அவையில் வழக்கு நடந்ததாகத் திருவிளையாடற் கதை சொல்கிறது. இறைவனே புலவராக வந்து வாதிட்டும் நக்கீரர் விட்டுக்கொடுக்கவில்லை. நக்கீரரின் நெஞ்சுரத்தைத் தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகப் புகழ்ந்து வந்திருக்கின்றனர். யாருடைய கூந்தலைப் பற்றி அத்தனை பேர் வாதிட்டார்களோ, அவர்களுள் ஒருத்திகூட அவைக்கு அழைக்கப்படவில்லை என்பதை மட்டும் எவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்தப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. இன்று பெங்களூரில் அதற்கு மிகுதியாக ஆளாகிறவர்கள் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து படிக்க வந்திருக்கும் மாணவிகளும், இதே கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்திலிருந்து வரும் சித்தி சமூகப் பெண்களும். அவர்களுடைய இறுகச் சுருண்ட தலைமுடியைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் இல்லை. அது எப்படி வளர்கிறது, எதனால் உடைகிறது, எதைக் கொண்டு பேணப்பட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர் மிகச் சிலரே. படித்தவர்களின் உலகமும் இதில் விதிவிலக்கு அன்று என்பதே இப்பதிவின் குற்றச்சாட்டு.

சிவாஜிநகரை எடுத்துக்கொள்ளலாம். 1809ஐ ஒட்டிப் பிரிட்டிஷார் பெங்களூரில் தண்டு அமைத்த காலம்தொட்டுத் தமிழர்கள் குடியேறி வாழும் பகுதி அது. பழைய பெயர் பிளாக்பள்ளி. அப்பெயரில் இருக்கும் ‘பிளாக்’ கறுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அன்று. வெள்ளரிசிப் பள்ளி என்னும் பொருள்தரும் கன்னடத் தொடரின் திரிபு என்பாரும் உண்டு. தண்டைத் திட்டமிட்ட பொறியாளர் ஜான் பிளேக்கிஸ்டன் பெயரால் வந்தது என்பாரும் உண்டு. புனித மரியன்னை பேராலயம், 1927இல் எழுந்த ரசல் மார்க்கெட், அதன் பின்புறச் சந்துகள், சற்று நடந்தால் கமர்ஷியல் தெரு என்று மணிக்கணக்கில் சுற்றலாம். தமிழும் தக்கனி உருதும் கன்னடமும் ஒரே பேரத்தில் கலந்து ஒலிக்கும் இடம். சவுரியும் கொண்டை வலையும் ஒரு கடையில் தொங்கும். அடுத்த மாடியில் அழகு நிலையத்தின் ‘ஸ்மூத்னிங்’, ‘கெரட்டின்’ சலுகைப் பலகை தொங்கும்.

இந்தச் சந்துகளில் கறுப்பின மாணவி ஒருத்தி நடந்து போகும்போது கேட்க நேரும் கேள்விகள் அவளுக்கு மனப்பாடம். இது உண்மையான முடியா? தொட்டுப் பார்க்கலாமா? தலைக்கு எப்போது குளிப்பாய்? இது வளரவே வளராதாமே? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் தீங்கானது. அது கேள்வி வடிவில் வரும் தீர்ப்பு. அழகு நிலையத்தினுள் அதே தீர்ப்பு ஆலோசனையாக வருகிறது: “நேராக்கிவிட்டால் சரியாகிவிடும்.”

வளராது என்பது பொய். மனிதத் தலைமுடி எந்த வடிவில் இருந்தாலும் கெரட்டின் என்னும் அதே புரதத்தால் ஆனது. வேறுபாடு வேரில் இருக்கிறது. நேர்முடியின் வேர்ப்பை தோலுக்குள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. இறுகச் சுருண்ட முடியின் வேர்ப்பை தோலுக்குள்ளேயே வளைந்திருக்கிறது. அதிலிருந்து வெளிவரும் இழை வட்டமாக இராமல் தட்டையான நீள்வட்டக் குறுக்குவெட்டோடு, தன்மேல் தானே திரும்பிச் சுருள்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர் லூசுவார்ன் 2001இல் வெளியிட்ட அளவீடுகளின்படி ஆப்பிரிக்கருடைய தலைமுடி நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.26 மில்லிமீட்டர் வளர்ந்தது; ஐரோப்பியருடையது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். வளர்ச்சி சற்றே மெதுவானது என்பது உண்மை. ஆனால் அந்த மெதுவான கணக்கிலும் ஓராண்டில் 9 சென்டிமீட்டர் சேர வேண்டும். சேரவில்லையென்றால், வேரில் வளர்ந்தது நுனியில் உடைந்துபோகிறது என்று பொருள். கேட்க வேண்டியது ‘ஏன் வளரவில்லை’ என்பதன்று; ‘எது உடைக்கிறது’ என்பதே.

உடைப்பதற்குக் காரணங்கள் பல. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் தானாகவே வழிந்து நுனி வரை போய்விடுகிறது. சுருளின் ஒவ்வொரு வளைவிலும் அது தடைப்படுவதால் இழை வறண்டுபோகிறது. வளைவுகளே இழையின் பலவீனமான இடங்கள். சீப்பின் இழுப்பு முழுவதும் அங்கே இறங்குகிறது. அருகருகே இருக்கும் சுருள்கள் ஒன்றோடொன்று பின்னி முடிச்சிடுகின்றன. மேலும், நனைந்தபோது தோளைத் தொடும் முடி உலர்ந்ததும் சுருங்கிக் காதளவில் நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்குப் பாதி நீளம் மறைந்துவிடுகிறது. இயல்பான இந்தச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ‘வளராது’ என்று முடிவு கட்டுகிறார்கள்.

எனவே இத்தகைய முடியைப் பேணுவது தனி அறிவு. கறுப்பினப் பெண்கள் அடிமைத்தனத்தின் ஊடாகவும் அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் காத்து வந்திருக்கின்றனர். அவ்வறிவின் முதல் பாடம் ஈரம். நாள்தோறும் தலைக்கு ஊற்றும் வழக்கமும் நுரை பொங்கும் ஷாம்பூவும் இம்முடிக்குப் பகை. வாரத்துக்கு ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ மென்மையான கழுவியால் தலைத்தோலைக் கழுவி, இழைகளுக்குத் தாராளமாகக் கண்டிஷனர் இட வேண்டும். ‘எப்போது குளிப்பாய்’ என்ற கேள்வியின் அறியாமை இங்கே விளங்கும்: அடிக்கடி அலசாமல் இருப்பது அழுக்கு அன்று, பராமரிப்பு.

இரண்டாவது பாடம் சிக்கெடுத்தல். உலர்ந்த நிலையில் சீப்பு வைப்பதே உடைப்பின் முதற்காரணம். முடி ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும்போது நான்கு அல்லது ஆறு பகுதிகளாகப் பிரித்து, முதலில் விரல்களாலும் பிறகு அகலப்பல் சீப்பாலும், நுனியில் தொடங்கி மெல்ல வேரை நோக்கி ஏற வேண்டும். மூன்றாவது பாடம் ஈரத்தைப் பூட்டுதல். கழுவிய ஈரம் காயுமுன் மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுவது அதற்கே. நான்காவது பாடம் தூக்கம். பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சும், இழையை உராயும். அதனால்தான் இரவில் சாட்டின் துணி கட்டிக்கொள்கிறார்கள். விடுதி அறைத் தோழிகள் சிரித்துக் கேலி செய்யும் அந்தத் தலைக்கட்டு ஓர் ஆய்வுக்கூடத்து நுணுக்கத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஐந்தாவது பாடம் பின்னல். முடியைச் சிறு சிறு பின்னல்களாகக் கட்டிவிட்டால் சில வாரங்களுக்குச் சீப்பு தேவைப்படுவதில்லை; நுனி பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் பின்னல் இறுக்கமாக இருந்தாலோ பல மாதம் அவிழ்க்காமல் விட்டாலோ நெற்றியோர முடி வேரோடு போய்விடும். இழுவை வழுக்கை என்று மருத்துவம் சொல்லும் இந்நோய் கறுப்பினத்தவருக்கே உரியதன்று. கூந்தலை உச்சியில் இறுக்கிக் கட்டிய கிரீன்லாந்துப் பெண்களிடம் அது 1907இலேயே பதிவு செய்யப்பட்டது. எண்ணெய் வழிய இழுத்து இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட தமிழ்ப் பெண்கள் பலர் தங்கள் நெற்றியோரத்தைக் கண்ணாடியில் பார்த்தால் அதன் தடயத்தைக் காண்பார்கள்.

இந்த அறிவுக்கு வேண்டிய பொருள்கள் பல சிவாஜிநகரிலேயே கிடைக்கின்றன. கறுப்பினப் பெண்கள் உலகெங்கும் தேடி வாங்கும் விளக்கெண்ணெயின் மூலமான ஆமணக்கை உலகிலேயே மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. அது முடியை வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை; ஈரத்தைப் பூட்டும், அவ்வளவே. தேங்காயெண்ணெயின் நிலை வேறு. ரெலே, மொஹிலே என்னும் இரு இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் செய்யாததைத் தேங்காயெண்ணெய் செய்தது: இழைக்குள் ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைத்தது. செம்பருத்தி இலைத் தாளியும் ஊறவைத்த வெந்தயமும் கொதித்த ஆளி விதையும் தரும் வழுவழுப்பு, சிக்கெடுப்பதற்குத் தேவையான அதே வழுவழுப்பு. சீயக்காய்த் தூள் மட்டும் இறுகிய சுருளுக்குள் துகளாகத் தங்கி முடிச்சைக் கூட்டக்கூடும். வடிகட்டிய சாறே நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மை, வறண்ட முடியை மேலும் சொரசொரப்பாக்கும்; கடைசி அலசலுக்கு ஒரு சொம்பு வடிகட்டிய நீர் போதும். இத்தனையும் அருகருகே கிடந்தும், அவை ஒன்றுசேரும் ஒரு நாற்காலி அச்சந்துகளின் அழகு நிலையங்களில் அரிது. அங்கே எளிதில் கிடைப்பது நேராக்கும் மருந்துதான்.

அந்த மருந்து என்ன செய்கிறது? முடியின் வடிவத்தைத் தாங்குவன கெரட்டினில் உள்ள கந்தகப் பிணைப்புகள். சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த ‘ரிலாக்சர்’ அப்பிணைப்புகளை நிரந்தரமாக முறிக்கிறது. சாக்கடை அடைப்பை அகற்றப் பயன்படும் காரமும் அதுவே. ‘கெரட்டின்’, ‘பிரேசிலியன்’ என்ற பெயர்களில் செய்யப்படும் சிகிச்சைகளில் பல, சூட்டுக்கோல் பட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவியை வெளியிடுகின்றன. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகையில் வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் ஒருநாள் அதைச் சுவாசிக்கிறார். கதவடைத்த குளிர்சாதன அறையில் நாள்தோறும் சுவாசிக்கிறவர் அங்கே வேலை பார்க்கும் பெண்.

2022இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகள் இதைவிடக் கவலைக்குரியவை. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு அது. நேராக்கும் பொருள்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களுள் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர் 1.64 விழுக்காடு என்றும், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுள் 4.05 விழுக்காடு என்றும் அவர்கள் கணித்தனர். தலைச்சாயத்துக்கும் அந்நோய்க்கும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிர, காரணத்தை நிறுவும் ஆய்வு அன்று. நோயின் மொத்த அளவும் குறைவானதே. ஆயினும் நேராக்கியைப் பயன்படுத்தியவர்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் கறுப்பினப் பெண்கள் என்னும் செய்தியை அருகில் வைத்துப் படிக்க வேண்டும். ‘நேராக்கிவிட்டால் சரியாகிவிடும்’ என்ற ஆலோசனையின் செலவைச் செலுத்துகிறவர் யார் என்பது அப்போது தெரியும்.

இனி, இந்த நாட்டுக்கும் கறுப்பினக் கூந்தலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சொல். தொடர்பு சரக்குக் கப்பலில் இருக்கிறது. திருமலையிலும் திருத்தணியிலும் பழனியிலும் சமயபுரத்திலும் காணிக்கையாக இறங்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, சென்னை போன்ற துறைமுகங்கள் வழியே வெளிநாடு செல்கிறது. வாசலில் பாத்திரத்துக்கும் ஊக்குக்கும் வாங்கிச் செல்லப்படும் சிக்குமுடியும் இதே ஆற்றில் ஒரு கிளை. கர்நாடகத்தின் கொப்பளம் அருகே பாக்கியநகரில் அதைப் பிரித்து வாரிக் கட்டுவதே பலருக்குத் தொழில். அமெரிக்க நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் 2009இல் எடுத்த ஆவணப்படம் இந்தப் பாதையைத் தொடர்ந்து இந்தியாவுக்கே வந்தது. மானுடவியலாளர் எம்மா டார்லோ 2016இல் இதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். பச்சை முடி கணக்கில் வராமல் வெளியேறுவதைத் தடுக்க இந்திய அரசு 2022 ஜனவரியில் அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. கடவுளுக்குக் கொடுத்த பெண்ணுக்கு அதில் ஒரு காசும் இல்லை. வாங்கி அணியும் கறுப்பினப் பெண், தன் முடி அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஏற்றதன்று என்று சொல்லப்பட்டதால் வாங்குகிறாள். அவளுடைய அந்தத் தாழ்வுணர்ச்சியில் இந்நாடு அந்நியச் செலாவணி ஈட்டுகிறது. அதே பெண் படிக்க வந்து சிவாஜிநகர்ச் சந்தில் நிற்கும்போது, ‘இது உண்மையான முடியா’ என்று இந்நாடு கேட்கிறது.

இது முடியைப் பற்றிய அழகுணர்ச்சியால் மட்டும் விளைந்ததன்று என்பதற்கும் வீட்டுக்குள்ளேயே சான்று உண்டு. ஒயிட்ஃபீல்டு ஆசிரமத்தின் காரணமாகப் பெங்களூருக்கு நெருக்கமானவராக இருந்தவர் சத்ய சாயி பாபா. தலையைச் சுற்றி வட்டமாக எழுந்து நிற்கும் அடர்ந்த சுருள்முடி அவருடைய அடையாளம். அப்படம் மாட்டிய கடைகளும் வீடுகளும் இந்நகரில் ஏராளம். அம்முடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறவர், ஏறக்குறைய அதே வடிவில் முடி வைத்த மாணவியைப் பார்த்துக் குருவிக்கூடு என்கிறார். சிவனுடைய சடை புனிதம். ஜமைக்கரின் சடை அழுக்கு. புத்தர் சிலைகளின் தலையை நிறைப்பவை சின்னஞ்சிறு சுருள்கள். பெண்ணின் கூந்தலைக் குறிக்கும் ஐம்பால் என்ற பழஞ்சொல்லுக்கு உரையாசிரியர் தரும் வகைகளுள் அளகமும் ஒன்று. அளகம் என்பது சுருண்ட கூந்தல். சுருள் தமிழ் மனத்துக்கு அந்நியமானதன்று. அது கறுத்த, ஏழை உடலில் இருக்கும்போதுதான் ‘பரட்டை’ ஆகிறது. 1977இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ படத்தில் ஊர்ப் போக்கிரிக்கு இடப்பட்ட பெயரே பரட்டை. சுருட்டை முடியோடு பிறந்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் அப்பெயரைச் சுமந்திருக்கின்றனர்.

சித்திகளின் நிலை இன்னும் கொடியது. போர்த்துக்கீசியர் காலத்தில் தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் அவர்களுள் பலர். எல்லாப்பூர், ஹளியாள், அங்கோலா வட்டாரக் காடுகளில் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறவர்கள். கன்னடமும் கொங்கணியும் பேசுகிறவர்கள். 2003இல் வடகன்னடத்தில் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள். வேலைக்கும் படிப்புக்கும் தம் மாநிலத் தலைநகருக்கு வரும் அவர்களைப் பார்த்து, எந்த நாடு என்று கேட்கிறார்கள். கேட்பவரின் பாட்டனார் ஆற்காட்டிலிருந்து தண்டுக்கு வந்தவராக இருக்கலாம்; கேட்கப்படுகிறவரின் முன்னோர் அதற்கு முன்பே இம்மண்ணில் இருந்திருக்கலாம். ஆனாலும் முடியைப் பார்த்தே குடியுரிமை தீர்மானிக்கப்படுகிறது. 2016 ஜனவரி 31 அன்று இரவு, ஹெசரகட்டா அருகே வேறொருவர் ஓட்டிய கார் நிகழ்த்திய விபத்துக்காகத் தான்சானிய மாணவி ஒருத்தி கும்பலால் தாக்கப்பட்டாள். ஒரு கறுப்பினத்தவருக்குப் பதிலாக இன்னொரு கறுப்பினத்தவரைத் தண்டிக்கலாம் என்று கும்பல் எண்ணியது. தோற்றமே குற்றமாகும் அந்த மனநிலைக்கும், சந்தில் எழும் சிரிப்புக்கும் இடையே உள்ள தூரம் பலரும் நம்ப விரும்பும் அளவுக்கு நீண்டதன்று.

இங்கேதான் கல்வியுலகம் பதில் சொல்ல வேண்டும். ஏனெனில் முடியை இனக்குறியாக்கியது தெருவன்று, பல்கலைக்கழகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மானுடவியல் மனித இனங்களை முடியின் வடிவத்தால் பிரித்துக் கிரேக்கப் பெயர் சூட்டியது. இந்தியாவில் பி. எஸ். குகா ஆனைமலைக் காடர்களின் சுருள்முடியைச் சான்றாகக் காட்டி ‘நெக்ரிட்டோ’ இனக்கூறு பற்றி எழுதினார். தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின்கீழ் இனம் ஐயத்துக்கு உரியதானபோது, தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். விழுந்தால் ஒரு சாதி, நின்றால் இன்னொரு சாதி. ஒரே வீட்டு உடன்பிறப்புகள் அவ்வாறு பிரிக்கப்பட்டதுண்டு. அளப்பதற்கும் பிரிப்பதற்கும் முடி வேண்டியிருந்தபோது அது அறிவியல். அதைப் பேணுவது பற்றிப் பேசத் தொடங்கியதும் அது மகளிர் இதழின் அழகுக் குறிப்பு. இந்த இரட்டைக் கணக்கைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

எதிர்ப்பாகச் சொல்லப்படுபவை மூன்று.

முதலாவது: இது அமெரிக்கச் சிக்கல், இங்கே ஏன் இறக்குமதி செய்ய வேண்டும் என்பது. முடியை ஏற்றுமதி செய்யும்போது எழாத இந்தக் கேள்வி, நீதியை இறக்குமதி செய்யும்போது மட்டும் எழுவது வியப்பே. எல்லாப்பூரும் அந்தமானும் இந்திய எல்லைக்குள்தான் இருக்கின்றன. அந்தமான் பழங்குடியினரின் இறுகச் சுருண்ட முடி எந்த அமெரிக்கரிடமிருந்தும் வந்ததன்று.

இரண்டாவது: நேராக்குவது பெண்ணின் விருப்பம், அதைக் குறை சொல்வதும் ஆதிக்கமே என்பது. இவ்வாதத்தில் நியாயம் உண்டு. நேராக்கிக்கொண்ட பெண்ணைத் தன்னினத் துரோகி என்று பழிப்பது, அவள் தலையின்மீது இன்னோர் அவை கூடித் தீர்ப்பளிப்பதேயாகும். ஆனால் விருப்பம் என்பதற்கு இரண்டு வழியாவது திறந்திருக்க வேண்டும். இயல்பான முடியைப் பேணத் தெரிந்தவர் ஒருவருமில்லாத, அம்முடியோடு போனால் நேர்முகத்தில் ‘ஒழுங்காக வாரிக்கொண்டு வா’ என்று சொல்லும் ஊரில், நேராக்குவதை விருப்பம் என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி. விருப்பத்தை மதிக்கிறவர்கள் முதலில் மற்ற வழியைத் திறந்துவிடட்டும்.

மூன்றாவது: வேலையின்மை, வாடகை மறுப்பு, வன்முறை எல்லாம் இருக்க முடி ஒரு பெரிய செய்தியா என்பது. 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா மகளிர் உயர்நிலைப் பள்ளியின் கறுப்பின மாணவியர் இக்கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். தங்கள் இயல்பான முடி ஒழுங்கற்றது என்று கருதிய விதிகளுக்கு எதிராக அவர்கள் அணிவகுத்தனர். அவ்விதிகளைப் பள்ளி நிறுத்தி வைக்க நேர்ந்தது. நிறவெறிச் சட்டங்கள் ஒழிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை எங்கே ஒளிந்திருந்தன என்பதை அச்சிறுமியர் காட்டினர். மூன்றாண்டு கழித்து, 2019இல், கலிஃபோர்னியா மாநிலம் முடியின் இயல்பையும் பின்னலையும் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. சட்டமன்றங்கள் பெரிதென்று கண்டதை ஆய்வரங்கங்கள் சிறிதென்று ஒதுக்குவது பொருந்தாது. வாடகை மறுக்கும் வீட்டுக்காரர் முதலில் பார்ப்பது தலையைத்தான்.

அப்படியானால் செய்ய வேண்டியவை யாவை? அவை பெரிய புரட்சிகள் அல்ல. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தம் தோற்ற விதிகளில் உள்ள ‘ஒழுங்காக வாரிய முடி’ போன்ற சொற்றொடர்களை எடுத்து, எவருடைய முடி அவ்விதிக்குள் அடங்காது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். தோல் மருத்துவ வகுப்புகளில் இறுகச் சுருண்ட முடியின் உடைப்பும் இழுவை வழுக்கையும் நேர்முடிக்கு வரும் அடிக்குறிப்பாக அல்லாமல் தம்மளவில் பாடமாக வேண்டும். அழகுக்கலைப் பயிற்சி தரும் நிறுவனங்கள், நேராக்கக் கற்பிக்கும் அதே மேசையில் பிரித்துச் சிக்கெடுக்கவும் தளரப் பின்னவும் கற்பிக்க வேண்டும். கற்பிக்கத் தகுதியானவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஹென்னூரிலும் கம்மனஹள்ளியிலும் விடுதி அறைகளில் ஒருவர் தலையை ஒருவர் பின்னிக்கொண்டிருக்கும் மாணவியரே அந்த ஆசிரியர்கள். அவர்களுடைய உழைப்புக்குக் கூலியும் அவர்களுடைய அறிவுக்கு ஆசிரியர் என்ற பெயரும் கொடுத்தால் போதும். நேராக்கும் மருந்துகளின் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது, அதைக் கையால் தொட்டு மூச்சில் வாங்கும் தொழிலாளிக்கு அவர் படிக்கும் மொழியில் தெரிந்தாக வேண்டும். தமிழில் உடல் பற்றியும் சாதி பற்றியும் இவ்வளவு எழுதும் ஆய்வாளர்கள், பரட்டை என்ற சொல்லின் வரலாற்றை ஓர் ஆய்வேட்டுக்குரிய பொருளாகக் கருத வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, எந்த நிதியும் குழுவும் தேவைப்படாத ஒன்று உண்டு. பிறர் தலையைத் தொடக் கை நீட்டாதிருத்தல். சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்தில் நெரிசலுக்கிடையே தன் பின்னலை யாரோ இழுத்துப் பார்ப்பதை உணர்ந்து திரும்பும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பின்னால் எழும் சிரிப்பு எந்த மொழியில் இருந்தாலும் அவளுக்குப் புரியும்.

அன்று மதுரை அவையில் கூந்தலின் இயற்கை பற்றி வாதிட்டவர்கள் குறைந்தபட்சம் உண்மை எது என்று அறிய விரும்பினார்கள். இன்றைய அவைகளுக்கு அந்த விருப்பமாவது வரட்டும். அதோடு, அன்று அழைக்கப்படாதவளுக்கு இம்முறை ஓர் இருக்கையும் போடப்படட்டும். தன் தலைமுடியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் பாதிகூட அங்கே கூடியிருப்பவர்களுக்குத் தெரியாது.